மேடைச் சொற்கள்: நாடகத்துக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

நாடகக் குழுவில் சேர்ந்த முதல் வாரத்தில் பலரும் மிரள்வது வசனத்தைப் பார்த்து அல்ல. "டவுன் லெஃப்ட் வந்து ஃப்ரீஸ் ஆகு, கியூ வந்ததும் எக்சிட்" என்று யாரோ சொல்ல, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதுதான் பயம். கூத்துப் பார்க்கப் போனால் அங்கே களரி, தரு, விருத்தம் என்று வேறொரு பேச்சு. மதுரைப் பக்கத்து நாடகக் கலைஞர்களோடு உட்கார்ந்தால் ராஜபார்ட், பின்பாட்டு, ஆல்ரவுண்ட். மேடைச் சொல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது: யார், எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பது. அந்த வேலை புரிந்தால் சொல் தானாக மனத்தில் நிற்கும். இந்தப் பதில்கள் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டவை.

"ஸ்டேஜ் ரைட்" என்றால் யாருடைய வலது?

நடிகருடைய வலது. பார்வையாளரைப் பார்த்து நிற்கும்போது நடிகரின் வலக்கை எந்தப் பக்கமோ அதுதான் ஸ்டேஜ் ரைட். நடிகர் முதுகு காட்டித் திரும்பினாலும் பக்கத்தின் பெயர் மாறாது. எதிரே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு அது இடப்பக்கம். ஆனாலும் அவர்தான் மனத்துக்குள் மாற்றிச் சொல்லிப் பழக வேண்டும். சினிமாவில் கேமரா லெஃப்ட், கேமரா ரைட் என்று பார்ப்பவரின் பக்கத்திலிருந்து சொல்வார்கள். அங்கிருந்து மேடைக்கு வருபவர்கள் முதல் சில ஒத்திகைகளில் எதிர்ப்பக்கம் நடந்துபோவது இதனால்தான்.

மேடை சமதளமாகத்தானே இருக்கிறது? "அப்ஸ்டேஜ்", "டவுன்ஸ்டேஜ்" என்று ஏன் மேடு பள்ளமாகப் பேசுகிறார்கள்?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மேடைகள் உண்மையிலேயே சரிவாக இருந்தன. பின்பக்கம் உயர்ந்தும் பார்வையாளர் பக்கம் தாழ்ந்தும் பலகை போட்டால் பின்னால் நிற்பவர் மறைய மாட்டார், வரைந்த காட்சிக்கும் ஆழம் கிடைக்கும். பிறகு மேடை சமமாகி, பார்வையாளர் இருக்கைகள் சரிவாயின. பேச்சு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பின்பக்கம் அப்ஸ்டேஜ், பார்வையாளருக்கு அருகே டவுன்ஸ்டேஜ்.

இதோடு ஒட்டிய ஒரு வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களோடு பேசுபவர் முன்னால் நிற்கும்போது நீங்கள் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தால், அவர் உங்களைப் பார்க்க முதுகைப் பார்வையாளருக்குக் காட்டியாக வேண்டும். கவனம் முழுக்க உங்கள் முகத்துக்கு வந்துவிடும். இதை "அப்ஸ்டேஜ் செய்வது" என்பார்கள். தெரிந்தே செய்தால் அது சக நடிகருக்குச் செய்யும் துரோகம்.

எத்தனை வகை மேடைகள் இருக்கின்றன?

நகரத்து மண்டபங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் புரசீனியம், அதாவது படச்சட்ட மேடை. ஒரு பக்கம் மட்டும் திறந்து, மற்ற மூன்று பக்கமும் மூடியிருக்கும். இத்தாலியின் பார்மா நகரில் 1618இல் கட்டப்பட்ட ஃபர்னேசே அரங்கு இந்த அமைப்பில் நிலையாகக் கட்டப்பட்ட ஆரம்பகால அரங்குகளில் ஒன்று. பார்வையாளர் மூன்று பக்கம் சூழ்ந்தால் த்ரஸ்ட் மேடை. நாலு பக்கமும் சூழ்ந்தால் நடு அரங்கு. கறுப்பு வண்ணம் பூசிய வெறும் அறை ஒன்றில், நாடகத்துக்கு நாடகம் இருக்கைகளை மாற்றிப் போட்டு ஆடுவதை பிளாக் பாக்ஸ் என்கிறார்கள்.

களரி என்பது எது?

கூத்து நடக்கும் இடம் களரி. வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் அது கோயிலுக்கு முன்னாலோ ஊர்ப் பொதுவிடத்திலோ இருக்கும் தரைதான். பின்னால் மேளக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் சனம். ஒரு நாற்காலி போட்டால் அது அரியணை. நடிகர் களரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் காட்டிலிருந்து அஸ்தினாபுரம் வந்துவிட்டார் என்று பொருள். காட்சி மாற்றத்துக்குச் செலவே கிடையாது.

மட்டக்களப்பில் வட்டக்களரி. மண்ணால் வட்டமாக மேடை உயர்த்தி, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி ஆடுவார்கள். நாலு பக்கமும் பார்வையாளர் இருப்பதால் எந்த நடிகருக்கும் "முன்பக்கம்" என்று ஒன்று இல்லை. ஆட்டமே வட்டத்தில் சுழன்று எல்லோருக்கும் முகம் காட்டும்படி அமைந்திருக்கிறது. அதே கூத்தைப் படச்சட்ட மேடையில் ஏற்றும்போது பாதி ஆட்டம் சுவருக்குப் போய்விடுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவற்றை மேடைக்குக் கொண்டுவந்தபோது இந்தச் சிக்கலுக்கும் வழி காண வேண்டியிருந்தது. இரவு முழுக்க ஆடும் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து, ஆட்டத்தையும் ஒரு பக்கம் பார்த்து ஒழுங்குபடுத்தினார்கள்.

பழந்தமிழ் மேடையைப் பற்றி அளவோடு ஏதாவது தெரியுமா?

தெரியும், அதுவும் வியக்கும்படி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய மேடையை ஒரு கொத்தனாருக்குச் சொல்வதுபோல் சொல்கிறது. அளக்கும் கோல் 24 விரல். மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தரைப் பலகைக்கும் மேலே இருக்கும் உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். போக ஒரு வாயில், வர ஒரு வாயில். பெருவிரல் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோல் இரண்டடி. அப்படியானால் மேடை 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி. ஒருவர் தனியே ஆடுவதற்குப் போதுமான, பார்ப்பவர் கண்ணுக்கு அடங்கிய மேடை.

அதே இடத்தில் மூன்று திரைகள் வருகின்றன: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும் திரை, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சந்திக்கும் திரை, மேலே மறைந்திருந்து இறங்கும் திரை என்று இவற்றைப் புரிந்துகொள்ளலாம். இன்றைய மண்டபத்தில் இருக்கும் திரைகளும் இந்த மூன்றில் அடங்கும். எனக்கு மிகவும் பிடித்த வரி விளக்கைப் பற்றியது: "தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து". தூணின் நிழல் ஆடுபவர் மேல் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைக்க வேண்டுமாம். ஒளியமைப்பு கற்பிக்கும் வகுப்புகளில் முதல் பாடமாக இந்த வரியைத்தான் வைக்க வேண்டும் என்பேன்.

தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அதுவும் திரையா?

அதுவும் திரைதான். மண்டபத் திரை மேடை முழுவதையும் மறைக்கும். கூத்துத் திரை ஒரே ஒரு பாத்திரத்தை மறைக்கும். துரியோதனன் வருகிறான் என்றால் முதலில் திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும். சலங்கை கேட்கும். கிரீடத்தின் நுனி தெரியும். திரை அசையும், நடிகர் முதுகு காட்டி நிற்பார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முழு உருவமும் வெளிப்படும். இதைத் திரைப் பிரவேசம் என்கிறார்கள். எல்லா வேஷத்துக்கும் இது கிடையாது. முக்கியமான வேஷங்களுக்கே இந்த மரியாதை.

கட்டியங்காரன் கோமாளியா?

கோமாளியும்தான். ஆனால் அவரைக் கோமாளி என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. கூத்தைத் தொடங்கிவைப்பவர் அவர். வந்து நிற்கும் ராஜாவிடம் "தாங்கள் யார், எந்தத் தேசம்?" என்று கேட்டு, பாத்திரத்தைத் தன்னைத்தானே அறிமுகப்படுத்த வைப்பவர் அவர். அடுத்த காட்சியில் காவல்காரர், அதற்கடுத்து தூதுவர், தேவைப்பட்டால் தோழி. நடிகருக்கு மூச்சு வாங்கினால் பேச்சை இழுத்து நேரம் கொடுப்பார். பாட்டு மறந்தால் கேள்வி கேட்பதுபோல் அடி எடுத்துக் கொடுப்பார். ஊர்க்காரர் யாராவது அன்பளிப்புக் கொடுத்தால் அதையும் அறிவிப்பார். அஸ்தினாபுரத்துக்கும் அந்த ஊருக்கும் நடுவில் காலை வைத்து நிற்கும் ஒரே ஆள். விடிய விடிய அந்த இரண்டு உலகத்தையும் பிடித்துவைத்திருப்பது எளிதான வேலை இல்லை. ஒரு கூத்து ஜமாவின், அதாவது குழுவின், தரத்தை அளக்க வேண்டுமானால் நான் முதலில் கட்டியங்காரனைத்தான் பார்ப்பேன்.

தரு, விருத்தம், வசனம்: என்ன வித்தியாசம்?

தாளத்தோடு பாடி ஆடுவது தரு. தாளக் கட்டில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது விருத்தம். பெரும்பாலும் அழுத்தமான உணர்ச்சி வரும் இடத்தில் வரும், ஆட்டம் அங்கே நிற்கும். பாடியதைப் பேச்சில் விளக்குவதும், உரையாடுவதும் வசனம். பாட்டு எழுதப்பட்டது, ஆசிரியரிடம் பாடம் கேட்டது. வசனத்தில் நடிகருக்குச் சுதந்திரம் அதிகம். அந்த இரவுக்கு ஏற்ப நீட்டலாம், குறைக்கலாம். நல்ல கூத்தில் இந்த மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், இணைப்பு தெரியாது.

கட்டை வேஷம் என்பது?

கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலியவை எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிச் செய்யப்பட்டவை. இவற்றை அணிந்து வரும் ராஜ வேஷங்கள் கட்டை வேஷங்கள். காஞ்சிபுரம் வட்டாரத்தில் இந்தக் கலையைக் கட்டைக்கூத்து என்றே சொல்பவர்கள் இருக்கிறார்கள். தோள் அகலமும் தலை உயரமும் கூடுவதால், பந்தமோ பெட்ரோமாக்ஸோ தவிர வேறு வெளிச்சமில்லாத காலத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு இவர் ராஜா என்று தெரிந்துவிடும். பெண் வேஷத்துக்குக் கட்டை இல்லை. முகப்பூச்சை நடிகரே போட்டுக்கொள்வார். அடிநிறமே பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடும்.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாதாமே, உண்மையா?

உண்மை. அதுதான் அதன் அற்புதம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் வட்டாரங்களில் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' வைக்கிறார்கள் என்றால், ஒரு குழுவை மொத்தமாகக் கூப்பிடுவதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறிடத்திலிருந்து என்று ஆளுக்கொரு ஒப்பந்தம். அன்று இரவு மேடைக்குப் பின்னால்தான் சந்திப்பார்கள். பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நாடகம்.

இது நடக்கக் காரணம், எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருப்பது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியவையும் அவர் வழியில் வந்தவையுமான பாட்டுகளும் காட்சி வரிசையும் அனைவருக்கும் மனப்பாடம். 'வள்ளி திருமண'த்தில் நாரதர் எங்கே வருவார், வேடன் எங்கே வருவான் என்பது தீர்மானமான விஷயம். நடுவில் என்ன பேசுவார்கள் என்பது அன்றைய இரண்டு நடிகர்களின் திறமையைப் பொறுத்தது. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் இதற்குப் பேர்போனது. கேள்விக்கு எதிர்க்கேள்வி, பாட்டுக்கு எதிர்ப்பாட்டு என்று ஒருவரை ஒருவர் மடக்கும் வாக்குவாதம் அது. கூட்டம் அதற்காகவே தூங்காமல் உட்கார்ந்திருக்கும்.

விடுதலைப் போராட்டக் காலத்தில் இந்தத் திறந்த இடங்கள் வேறொரு வேலையும் செய்தன. தியாகி விஸ்வநாத தாஸ் புராண நாடகத்துக்குள்ளேயே தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்நீத்தார்.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆல்ரவுண்ட் - இவர்கள் யார் யார்?

ராஜபார்ட் கதாநாயகன், ஸ்திரீபார்ட் கதாநாயகி, கள்ளபார்ட் திருடன், வில்லன் போன்ற வேடங்களுக்கு. முன்னிரவில் பபூனும் டான்ஸ் ஆடும் நடிகையும் சேர்ந்து நகைச்சுவை செய்வார்கள். கதை அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். வாத்தியத்தில் ஆர்மோனியம் தலைமை. ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடுவார், பேச்சுக்கு நடுவில் புகுந்து கேள்வியும் கேட்பார். கட்டியங்காரனின் வேலையில் ஒரு பங்கு இவரிடம் வந்திருக்கிறது. மிருதங்கம் ஒருவர். மூன்றாமவர் ஆல்ரவுண்ட்: தாளம், டோலக், சிறு கருவிகள், அடி விழும்போது 'டமார்', கதவு திறந்தால் ஒரு சத்தம். இன்றைய சவுண்ட் எஃபெக்ட்ஸ் ஆள் கணினியில் தேடுவதை அவர் கைக்குள் வைத்திருக்கிறார்.

ராஜபார்ட்டில் ஆண்தான் வர வேண்டும் என்றில்லை. கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடங்களிலும் மேடையேறியவர்.

வாத்தியார், அண்ணாவியார், இயக்குநர்: மூவரும் ஒன்றா?

இல்லை. கூத்து வாத்தியாரும் மட்டக்களப்பு அண்ணாவியாரும் கலையைக் கற்றுக்கொடுப்பவர்கள். நிகழ்ச்சி நடக்கும்போதும் களரியில் இருப்பவர்கள். அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று ஆட்டத்தை நடத்துவார். நவீன நாடக இயக்குநர் நாடகத்துக்கு ஒரு புதிய பொருள்கோள் கண்டு, அதற்கேற்ப நடிப்பு, ஒளி, இசை எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, முதல் காட்சி தொடங்கும்போது இருட்டில் போய் உட்கார்ந்துகொள்பவர். அதன்பின் மேடை அவர் கையில் இல்லை. அது நிகழ்ச்சியை ஓட்டும் பொறுப்பாளரான ஸ்டேஜ் மேனேஜர் கைக்குப் போய்விடுகிறது.

ஈழத்துக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்கிறார்களே?

மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு பாணிகள். வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகள், விறைப்பான ஆட்டம், கனமான உடை. தென்மோடியில் இசை இழைவு அதிகம், உடை இலகு.

அங்கே கூத்துப் பழகும் படிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை எல்லா நாடகக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து ஏட்டைக் கையில் கொடுப்பது சட்டம் கொடுத்தல். ஆட்டம் ஓரளவு படிந்ததும் சதங்கை அணிதல். வாரந்தோறும் ஆடிப் பார்ப்பது கிழமைக் கூத்து. முழுக் கூத்தையும் வரிசையாக ஓட்டிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். பிறகு அரங்கேற்றம். அரங்கேறிய பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். ரீடிங், பிளாக்கிங், ரன்-த்ரூ, டிரெஸ் ரிகர்சல் என்று நாம் இன்று எண்ணிச் செய்வதற்கு ஈடான ஒழுங்கு கிராமத்திலேயே இருந்திருக்கிறது. ஒரே வேறுபாடு, அங்கே ஊர் முழுவதும் ஒத்திகையைப் பார்க்கும்.

சரி, நம் ஒத்திகைகளுக்கு என்ன பெயர்?

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து படிப்பது ரீடிங். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று முடிவு செய்வது பிளாக்கிங். நிறுத்தாமல் ஓட்டுவது ரன்-த்ரூ. டெக்னிகல் ரிகர்சல் ஒளி, ஒலி, காட்சி மாற்றத்துக்கானது. அதில் நடிகர் பொறுமையாக நிற்பதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய உதவி. டிரெஸ் ரிகர்சல் உடை, ஒப்பனையோடு முழுமையாக நடப்பது. புடவையைக் கட்டிக்கொண்டு படியேற முடிகிறதா என்பது அன்றைக்குத்தான் தெரியும் என்றால் தாமதம். நீளமான உடையோ கனமான செருப்போ இருந்தால், அதுபோன்ற ஒன்றை முதல் வாரத்திலிருந்தே அணிந்து பழகுங்கள்.

பிளாக்கிங் நடிப்பைக் கட்டிப்போடாதா?

பலரும் இப்படிப் பயப்படுகிறார்கள். எங்கே நிற்பது என்ற கவலை தீர்ந்த பிறகுதான் எதிரே நிற்பவரை உண்மையாகப் பார்க்க முடியும். அசைவுக்குக் காரணம் இருக்க வேண்டும் என்பதே விதி. "மூன்றடி முன்னால் வா" என்று இயக்குநர் சொன்னால், இந்தப் பாத்திரம் எதற்காக வருகிறது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் இயக்குநரிடம் கேளுங்கள்; அவருக்கும் தெரியாவிட்டால் அந்த அசைவை எடுத்துவிடலாம்.

கியூ, பிராம்ப்டர்?

ஒரு செயலைத் தொடங்கச் சொல்லும் அடையாளம் கியூ. சக நடிகரின் கடைசிச் சொல்லாக இருக்கலாம், ஒரு மணிச்சத்தமாக இருக்கலாம், கதவு சாத்தப்படுவதாகவும் இருக்கலாம். "உன் கியூ வரும்வரை காத்திரு" என்பதைச் சும்மா நிற்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒளி, ஒலிக்கும் எண்ணிட்ட கியூக்கள் உண்டு. ஸ்டேஜ் மேனேஜர் "லைட் 14, ஸ்டாண்ட்பை" என்று எச்சரித்து, சரியான நொடியில் "கோ" என்பார். அதனால் ஹெட்செட் அணிந்திருக்கும்போது வேறு எதற்கும் அந்த ஒற்றைச் சொல்லை உச்சரிக்கக் கூடாது. யாரோ விளக்கை மாற்றிவிடுவார்கள்.

பிராம்ப்டர் விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், பிரதியோடு நின்று, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பவர். நல்ல பிராம்ப்டர் மௌனத்துக்கும் மறதிக்கும் வித்தியாசம் தெரிந்தவர். நடிகர் வேண்டுமென்றே எடுத்த இடைவெளியில் குரல் கொடுத்தால் காட்சி கெட்டுப்போகும்.

விங், சைக்ளோரமா, படுதா - மேடையில் தொங்குபவை எவை எவை?

பக்கவாட்டில் தொங்கி, காத்திருப்பவர்களை மறைப்பவை விங்குகள். உங்களுக்குப் பார்வையாளர் தெரிந்தால் பார்வையாளருக்கும் நீங்கள் தெரிவீர்கள். விங்கில் நிற்பவர்களுக்கு இந்த ஒரு விதி போதும். மேலே குறுக்காகத் தொங்கி விளக்குகளை மறைப்பது பார்டர். பின்னால் மேடை அகலத்துக்கு விரிந்து, ஒளி பட்டால் வானம்போல் தெரியும் வெற்றுத் துணி சைக்ளோரமா.

படுதா என்பது கம்பெனி நாடகக் காலத்தின் செல்வம். பார்சி நாடகக் குழுக்களின் வழியாக வரைந்த திரைகள் இங்கே பரவின. தர்பார், தெரு, காடு, நந்தவனம் என்று சுருட்டி ஏற்றும் சீன்கள். முன்னால் தெரு சீனை இறக்கி அதில் நகைச்சுவை நடக்கும்போது, பின்னால் ஓசைப்படாமல் தர்பார் தயாராகும். காட்சி மாற்றத்துக்காக இருட்டில் பார்வையாளரைக் காக்கவைக்கும் இன்றைய குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒளியமைப்பில் அடிக்கடி காதில் விழும் சொற்கள்?

ஸ்பாட் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழும் ஒளி, ஃப்ளட் பரவலானது, ஃபாலோ ஸ்பாட் நடிகரைப் பின்தொடரும். ஒளியைக் கூட்டிக் குறைப்பது டிம்மர். நிறத்துக்கு விளக்கின் முன் செருகுவது ஜெலட்டின் தாள். எல்இடி விளக்குகள் வந்த பிறகு அதன் தேவை குறைந்துவிட்டது. சட்டென்று முழு இருள் பிளாக்அவுட், மெல்லக் குறைவது ஃபேட்.

முகத்துக்கு ஒளி எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு அமெரிக்க ஒளியமைப்பாளர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் வகுத்த முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. இரண்டு பக்கமும் 45 பாகைக் கோணத்தில், மேலிருந்து. ஒரு பக்கம் சற்று வெதுவெதுப்பான நிறம், மறுபக்கம் சற்றுக் குளிர்ந்த நிறம். நேர் எதிரே ஒரே விளக்கைப் போட்டால் முகம் தட்டையாகிவிடும். நேர் மேலே போட்டால் கண்கள் இருண்ட குழியாகிவிடும். நடிகருக்கும் இதில் வேலை உண்டு. வெளிச்சம் முகத்தில் படுகிறதா என்பதைக் கண்ணால் தேடாமல், கன்னத்தில் படும் சூட்டால் உணரப் பழகியவர்கள் இருக்கிறார்கள். எல்இடியில் அந்தச் சூடு குறைவு, ஆகவே தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தை நம்ப வேண்டியதுதான்.

நான்காவது சுவர் என்றால்?

மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடியுங்கள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ 1758இல் எழுதினார். நிஜவாழ்க்கையை அப்படியே காட்ட முயன்ற நாடகங்கள் பிறகு இந்தக் கற்பனையை வலுவாகப் பிடித்துக்கொண்டன. நடிகர் பார்வையாளரை நேராகப் பார்த்துப் பேசினால் "நான்காவது சுவரை உடைத்தார்" என்கிறோம்.

ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் அந்தச் சுவரை வேண்டுமென்றே உடைத்தார். பார்வையாளர் கதையில் கரைந்துபோகாமல் யோசிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங் நடித்ததைப் பார்த்தது அவர் சிந்தனையைக் கூர்மையாக்கியது. ஆசிய மேடையிலிருந்து அவர் கற்றது நமக்குப் புதிதல்ல. நம் கூத்தில் அந்தச் சுவர் ஒருபோதும் எழுப்பப்படவே இல்லை. எனவே தமிழ்க் கூத்தைப் பற்றிப் பேசும்போது கட்டியங்காரன் நான்காவது சுவரை உடைக்கிறான் என்று எழுதுவது பொருந்தாது.

தெருக்கூத்தும் வீதி நாடகமும் ஒன்றுதானே?

இல்லை, இந்தக் குழப்பம் கல்லூரி விழாக்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. தெருக்கூத்து பரம்பரையாகக் கற்ற கலை. பாட்டு, ஆட்டம், வேஷம், சடங்கு எல்லாம் சேர்ந்தது. திரௌபதி அம்மன் திருவிழாவோடு பின்னியது. இரவு முழுக்க நடப்பது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்கள் வாழ்நாள் முழுதும் அதற்குக் கொடுத்தார்கள். வீதி நாடகம் நவீன அரசியல், சமூக நாடகம். தொழிற்சாலை வாசலிலோ கடைத்தெருவிலோ குறைந்த பொருள்களோடு அரை மணி நேரத்தில் நடத்தப்படுவது. வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் வகுத்த மூன்றாம் அரங்கும் சப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் நாடகக் குழுவும் அதன் அடையாளங்கள். 1989 ஜனவரி 1 அன்று தில்லிக்கு அருகே சாகிபாபாத்தில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்துபோனார் ஹாஷ்மி. இரண்டுமே மதிக்கத்தக்க கலைகள். ஹெல்மெட் விழிப்புணர்வுக்குப் பத்து நிமிட நாடகம் போட்டுவிட்டு அதைத் தெருக்கூத்து என்று அழைப்பிதழில் அச்சிடுவது இரண்டுக்கும் நியாயம் செய்வதில்லை.

'பிராப்பர்ட்டி' யார் பொறுப்பு?

கையில் எடுத்துச் செல்லும் பொருள் ஹேண்ட் பிராப். மேடையிலேயே இருப்பது செட் பிராப். பொறுப்பாளர் ஒருவர் இருந்தாலும், மேடைக்குப் போகுமுன் உங்கள் கடிதமும் கத்தியும் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கடமை. விங்குக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் கட்டம் வரைந்து பெயர் எழுதிவிடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் பொருள் இல்லை என்று இருட்டிலும் தெரியும். அடுத்தவர் பிராப்பைத் தொடவே கூடாது, விளையாட்டுக்குக்கூட.

ஸ்டேஜ் மேனேஜர் இவ்வளவு முக்கியமா? எங்கள் குழுவில் அந்த ஆளே இல்லையே.

இல்லையென்றால் இன்றைக்கே ஒருவரை நியமியுங்கள். நடிக்க வாய்ப்புக் கிடைக்காதவருக்கு ஆறுதலாகக் கொடுக்கும் வேலை அல்ல இது. குழுவிலேயே நிதானமானவருக்குக் கொடுக்க வேண்டியது. அவர் கையில் ஒரு பிரதி இருக்கும்: வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் வெற்றுத்தாள். அந்த வெற்றுத்தாளில் யார் எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் ஒளி மாறுகிறது, எந்த நொடியில் இசை நிற்கிறது என்று பென்சிலால் எழுதிவைப்பார். பென்சில்தான், ஏனென்றால் ஒத்திகை தோறும் மாறும். நாடகம் தொடங்க அரை மணி முன்னால், கால் மணி முன்னால், ஐந்து நிமிடம் முன்னால் என்று ஒப்பனை அறைக்கு வந்து நேரம் சொல்வார். கேட்டவர்கள் "சரி" என்று பதில் சொல்ல வேண்டும், தலையாட்டினால் போதாது. பிரதியில் எல்லாம் எழுதப்பட்டிருப்பதால், அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்தாலும் வேறொருவர் அதை வைத்து நாடகத்தை ஓட்டிவிட முடியும்.